களையும் காவலும்

(நமது சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



எக்கருமத்தையும் விநாயகப் பெருமானை வணங்கித் தொடங்குவது நம் மரபு. அப்பெருமானுக்கு நாம் அன்போடு சாத்துவது அறுகம்புல். அதே அறுகைக் கமக்காரர் தமது தோட்டத்தில் கண்டால் வேரோடு கிண்டி எறிவர். கோயிலில் அது அருச்சனைப் பொருள். வெங்காயப் பாத்தியில் அது களை. ஆகவே, களையாயிருத்தல் ஒரு செடியின் பிறவிக் குணமன்று. அது நிற்கும் இடத்தையும், அங்கே அது செய்யும் காரியத்தையும் பொறுத்தே நாம் அதனைக் களை என்கிறோம். இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருளுக்கு இதுவே தோற்றுவாய்.

சென்ற ஆண்டு நம் இளைஞர்கள் செய்த சிரமதானத்தை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். பம்பலப்பிட்டிக்கும் வெள்ளவத்தைக்கும் இடையே ஓடிக் கடலில் விழும் வாய்க்காலை நாம் நாள்தோறும் காலி வீதிப் பாலத்தில் நின்று பார்க்கிறோம். அதன் மேற்பகுதியில், கிருலப்பனைப் பக்கமாக, நீரே தெரியாதபடி ஆகாயத்தாமரை மூடிக் கிடந்தது. மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் முழங்கால் சேற்றில் இறங்கி அதனை அள்ளினோம். அள்ளியதைக் கரையிலே குவித்தோம். நிழற்படமும் எடுத்துக்கொண்டோம். அடுத்து வந்த மழையிலே குவியலிற் பாதி மீண்டும் வாய்க்காலுக்குள் வழுக்கிச் சென்றது. இரண்டு மாதத்தில் வாய்க்கால் பழையபடி பச்சைக் கம்பளம் விரித்துக்கொண்டது. அவ்வழியே வந்த நம் சங்கத்துப் பெரியவர் ஒருவர், “தம்பிமார், நீங்கள் களை பிடுங்கினீர்களோ, அல்லது களைக்கு நாற்று நட்டீர்களோ?” என்று கேட்டார். நாம் சிரித்தோம். ஆனால் அந்தக் கேள்வி நம்மை விட்டபாடில்லை. அதற்கு விடை தேடியதன் பயனே இன்றைய பேச்சு.

முதலில், நம் காலடியிலே தொடங்கி நாடு முழுவதையும் ஆட்டிவைத்த ஒரு களையின் வரலாற்றைச் சொல்லுவோம். அதன் பெயர் சல்வீனியா. இது பூவாத, காயாத ஒரு நீர்ப்பன்னம். வேர் போலத் தொங்குவதும் உண்மையில் இலையே. இச்செடியின் பிறந்தகம் தென் பிரேசில். 1939 ஆம் ஆண்டில், மாணவர்க்குப் பாடஞ் சொல்லுவதற்காகக் கொழும்புப் பல்கலைக்கழகக் கல்லூரியின் தாவரவியற் பகுதிக்கு இது கொண்டுவரப்பட்டது. அக்கல்லூரி இருந்த தேர்ஸ்டன் வீதி, நாம் இப்போது கூடியிருக்கும் பம்பலப்பிட்டியிலிருந்து நடந்து செல்லக்கூடிய தூரமே. கொண்டுவந்தவர்கள் தீமை நினைத்தவர்களல்லர். கல்வியின் பொருட்டே செய்தார்கள். ஆனால் செடி எப்படியோ தொட்டியைக் கடந்து வெளியேறிற்று. யுத்த காலத்தில் கொழும்பைச் சுற்றிய வாய்க்கால்களிலும் சதுப்புகளிலும் பரவிற்று. அங்கிருந்து வயல்களுக்கும் குளங்களுக்கும் சென்றது. 1950களின் நடுப்பகுதியில் இருபதினாயிரம் ஏக்கருக்கு மேற்பட்ட நெல்வயல்களில் அது குடியேறியிருந்தது.

இவ்வளவு விரைவு எங்கிருந்து வந்தது? சல்வீனியாவுக்கு விதை வேண்டியதில்லை. அது மலட்டுச் செடி. உடைந்த ஒவ்வொரு துண்டும் ஒரு புதுச் செடியாகும். நல்ல வெப்பமும் போசணையும் உள்ள நீரில் இரண்டு மூன்று நாட்களிலேயே இரட்டித்துவிடும். வாரத்துக்கு ஒரு முறைதான் இரட்டிக்கிறது என்று வைத்துக்கொண்டாலும், ஒரு செடி 20 வாரத்தில் பத்து இலட்சத்தைத் தாண்டிவிடும். இதனைக் கையால் அள்ளுபவர் பத்தை எடுக்கையில் நூறாக உடைத்துவிட்டு வருகிறார். பெரியவர் நம்மிடம் கேட்ட கேள்வியின் உட்பொருள் இப்பொழுது விளங்குகிறதன்றோ?

நீரை மூடியவுடன் என்ன நிகழ்கிறது? ஒளி உட்புகாது. நீருக்கடியிலுள்ள தாவரம் மடியும். காற்று நீரிற் கலப்பது குறையும், மீன் குறையும். வள்ளம் செல்லாது. மதகு அடைபடும். வயலில் நெற்பயிருக்குரிய இடமும் உரமும் இதற்குச் சேரும். இன்னுமொன்று: யானைக்கால் நோயைப் பரப்பும் ஒருவகை நுளம்பின் குடம்பிகள் நீர்த்தாவரங்களின் வேர்களைத் துளைத்துப் பற்றிக்கொண்டே சுவாசிக்கின்றன. நீர்க்களை பெருகினால் அவற்றுக்கு வீடு பெருகும்.

அரசினர் சும்மா இருந்தாரில்லை. மக்களைக் கொண்டு அள்ளுவித்தார்கள். இரசாயனங்களைத் தெளித்துப் பார்த்தார்கள். ஒரு குளம் துப்புரவாகும். பக்கத்துக் குளத்திலிருந்து ஒரு துண்டு எருமையின் காலிலோ வள்ளத்தின் அடியிலோ ஒட்டிக்கொண்டு வரும். மறுபடியும் அதே கதை. இந்நிலையில் அறிஞர்கள் வேறொரு கேள்வியைக் கேட்டார்கள். இந்தச் செடி தன் சொந்த நாட்டில் ஏன் இப்படி ஆடுவதில்லை? அங்கே அதனைத் தின்னும் உயிர்கள் உள. இங்கே வந்தபோது செடி மட்டும் வந்தது. அதன் பகைவர் வரவில்லை. அப்படியாயின் அந்தப் பகைவரைத் தேடி, நன்கு சோதித்து, கொண்டுவந்து விடுவதே வழி. இதற்குத்தான் உயிரியற் கட்டுப்பாடு என்று பெயர்.

கேட்பதற்கு எளிது, செய்வதற்கு அரிது. முதலில் இச்செடியின் உண்மையான பெயரே பலருக்குத் தெரியவில்லை. அதனோடு ஒத்த வேறோரினமென்று எண்ணி, 1960களின் தொடக்கத்தில் டிரினிடாட் முதலிய இடங்களில் அதன் பகைவரைத் தேடினார்கள். அங்கே கிடைத்த பூச்சிகளை ஆபிரிக்காவில் விட்டார்கள், பெரும்பயன் இல்லை. 1970களில் ஒருவகை வெட்டுக்கிளி இலங்கைக்கும் கொணரப்பட்டது. அதுவும் களையை அடக்கவில்லை. ஆபிரிக்காவின் கரிபா நீர்த்தேக்கத்தை மூடிய இதே செடியை ஆராய்ந்த மிச்செல் என்பவர், இது தனியினம் என்று 1972 இல் நிலைநாட்டி, தொல்லை தருவது என்னும் பொருள்பட ‘மொலெஸ்டா’ எனப் பெயரிட்டார். 1978 இல் அவுஸ்திரேலிய ஆராய்ச்சியாளரான போர்ணோவும் ஹார்லியும் தென்கிழக்குப் பிரேசிலில் இதன் பிறந்தகத்தைக் கண்டுபிடித்தார்கள். அங்கே அச்செடியின் மேல் இருந்தது, இரண்டு மில்லிமீற்றர் நீளமேயுள்ள ஒரு கறுத்த கூன்வண்டு. அதுவும் முன்பு டிரினிடாட்டிற் பிடித்த வண்டு என்றே முதலிற் கருதப்பட்டது. அது வேறோரினம் என்பது 1985 இல் தெளிவாயிற்று. செடியின் பெயர் பிழைத்தமையாலும் வண்டின் பெயர் பிழைத்தமையாலும் எத்தனை ஆண்டுகள் வீணாயின! சரியான பெயர் அறிதல் வெறும் ஏட்டுக்கல்வி என்று எண்ணும் இளைஞர்கள் இதனை மனத்திற் கொள்ளவேண்டும்.

அந்த வண்டை எடுத்தவுடனே விட்டுவிடவில்லை. அடைத்த அறையில் வைத்து, பயிர்கள் உட்படப் பல செடிகளைக் கொடுத்துப் பார்த்தார்கள். சல்வீனியா இல்லாவிட்டால் அது பட்டினியால் இறந்ததேயன்றி வேறொரு பயிரில் வாழ்ந்து பெருகவில்லை. அதன் பின்னரே 1980 இல் அவுஸ்திரேலியாவின் மவுண்ட் ஐசா நகருக்கு அருகிலுள்ள மூண்டரா ஏரியில் விட்டார்கள். வண்டு முனைமொட்டைத் தின்றது. அதன் புழு தண்டைக் குடைந்தது. பச்சைப் பரப்பு பழுப்பாகி, நீரில் அமிழ்ந்தது. ஓராண்டுக்குச் சற்று மேற்பட்ட காலத்தில் ஏரி வெளித்தது. 1982 இல் பப்புவா நியூகினியின் செப்பிக் ஆற்றுக்குக் கொண்டுசென்றார்கள். அங்கே ஏறத்தாழ 250 சதுர கிலோமீற்றர் நீர்ப்பரப்பைக் களை மூடியிருந்தது. வள்ளம் செலுத்த முடியாமல், சந்தைக்கும் வைத்தியசாலைக்கும் போகவழியின்றி மக்கள் ஊரைவிட்டே எழும்பத் தலைப்பட்டிருந்தார்கள். சில ஆண்டுகளுள் ஆறு அவர்களுக்குத் திரும்பக் கிடைத்தது. இத்தொண்டுக்காக அவுஸ்திரேலிய நிறுவனத்துக்கு 1985 இல் யுனெஸ்கோ விஞ்ஞானப் பரிசு வழங்கப்பட்டது.

செப்பிக் ஆற்றிலே நடந்த ஒன்றை நாம் குறிப்பாகச் சொல்லவேண்டும். அங்கே வண்டு தொடக்கத்தில் பெருகவில்லை. காரணம், அங்குள்ள செடிகளில் நைதரசன் சத்து மிகக் குறைவு. அவற்றைத் தின்ற வண்டுக்கு இனம்பெருக்க வலு இல்லை. ஆராய்ச்சியாளர் என்ன செய்தார்கள்? களைக்கே யூரியா உரம் போட்டார்கள்! பார்த்தவர்கள் இவர்களுக்குப் பித்துப் பிடித்துவிட்டது என்று நினைத்திருப்பார்கள். செடி சத்தேறிற்று, வண்டு பெருகிற்று, பெருகிய வண்டைச் செடியோடு சாக்கில் அள்ளி வேறிடங்களுக்குக் கொண்டுபோய் விட்டார்கள். இயற்கையோடு வேலை செய்ய விரும்புவோருக்குப் பொறுமையும், காரணம் ஆராயும் புத்தியும் எவ்வளவு வேண்டும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

இலங்கையில் இந்த வண்டு 1986 இல் விடப்பட்டது. அவுஸ்திரேலிய அரசின் உதவியோடு நம் நாட்டு ஆராய்ச்சியாளர்கள் அதனை வளர்த்து ஊரூராகக் கொண்டுசென்றார்கள். சில ஆண்டுகளில், தாழ்நிலப் பகுதியில் வண்டு விடப்பட்ட பெரும்பாலான இடங்களில் சல்வீனியா அடங்கியது. இம்முயற்சியின் வரவு செலவை 1989 இல் கணக்கிட்டுப் பார்த்தபோது, செலவான ஒவ்வொரு ரூபாவுக்கும் 53 ரூபா அளவில் நாட்டுக்கு நன்மை கிடைத்ததாகக் கண்டார்கள். இன்று ஐம்பது வயதுக்குக் குறைந்தவர்களிற் பலர் சல்வீனியா என்ற சொல்லையே அறியார்கள். அதுவே அந்த வண்டின் வெற்றி. நாம் அதற்கு விழா எடுக்கவில்லை. அவுஸ்திரேலியாவிலோ, சப்பாத்திக்கள்ளியை அழித்த ஓர் அந்துப்பூச்சியின் பெயரால் போனார்கா என்னும் சிற்றூர் மக்கள் 1936 இல் ஒரு மண்டபமே கட்டினார்கள்!

கள்ளி என்றவுடன், இந்த விஞ்ஞானம் நேற்று மேல்நாட்டிலிருந்து வந்தது என்று யாரும் எண்ணவேண்டாம். நமக்கும் இதற்கும் உள்ள தொடர்பு மிகப் பழையது. அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த சப்பாத்திக்கள்ளி இந்தியாவிலும் இலங்கையிலும் பெருகிக் கிடந்தது. கிழக்கிந்தியக் கொம்பனியார் அதன்மேல் செஞ்சாயம் தரும் கொச்சினீல் பூச்சியை வளர்த்துப் பணம் பண்ண ஆசைப்பட்டார்கள். 1795 இல் பிரேசிலிலிருந்து ஒரு கப்பற்றலைவர் கல்கத்தாவுக்கு அப்பூச்சியைக் கொண்டுவந்தார். ஆனால் வந்தது சாயத்துக்குரிய நல்லினமன்று. அதன் காட்டு உறவு. சாயம் கிடைக்கவில்லை, கள்ளி அழிந்தது. பிழையாக வந்தது வரமாயிற்று. பின்னர் தென்னிந்தியாவிற் கள்ளியை அழிக்கவென்றே அதனைக் கொண்டு சென்றார்கள். அங்கிருந்து 1865 அளவில் அது இலங்கைக்கு வந்தது. ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்குக் களையை அடக்கவென்றே ஒரு பூச்சியைக் கொண்டுசென்ற முதல் நிகழ்ச்சியாக இதனையே அறிஞர் குறிப்பிடுவர். அப்பூச்சிக்கு 1896 இல் விஞ்ஞானப் பெயர் சூட்டிய கிரீன் என்பவர் இலங்கையிற் பணியாற்றிய பூச்சியியலறிஞர். அப்பெயரில் இன்றும் இலங்கையின் பெயர் நிலைத்திருக்கிறது. கடனைத் தீர்ப்பது போல, 1926 இல் வேறொரு கொச்சினீல் இனம் இலங்கையிலிருந்து தென்னிந்தியாவுக்குச் சென்று, அங்கே இன்னொரு வகைச் சப்பாத்திக்கள்ளியைப் பெரும் பரப்பில் அடக்கிற்று. பாக்குநீரிணையின் இரு கரையும் ஒன்றுக்கொன்று செய்த உதவிகளுள் இதுவும் ஒன்று.

அப்படியாயின் எல்லாக் களைக்கும் ஒரு பூச்சியை இறக்குவோம் என்று இளைஞர் சிலர் ஆவலோடு எழலாம். பொறுங்கள். 1935 இல் அவுஸ்திரேலியாவில் கரும்பு வண்டைத் தின்னும் என்று நம்பி, ஹவாயிலிருந்து சுமார் நூறு பெருந்தேரைகளைக் கொண்டுவந்தார்கள். தேரை கரும்பு வண்டை விட்டுவிட்டு மற்றையவற்றைத் தின்று கோடிக்கணக்காகப் பெருகிற்று. அதன் நஞ்சால் அந்நாட்டு உயிர்கள் இறக்கின்றன. போனார்கா மக்கள் போற்றிய அதே அந்துப்பூச்சி, கரீபியத் தீவுகள் வழியாக 1989 இல் புளோரிடாவை அடைந்து, கள்ளி இயற்கையாகவே வாழும் நிலத்தில் அக்கள்ளிக்கே எமனாயிற்று. ஓரிடத்து மருந்து இன்னோரிடத்து நஞ்சு. எதையும் எல்லாவற்றையும் தின்னும் உயிரைக் கொண்டுவருவது மூடத்தனம். ஒன்றையே தின்னும் உயிரை, பலமுறை சோதித்து, சட்டப்படி அதிகாரம் பெற்ற நிபுணரே கொண்டுவரவேண்டும். நம்மைப் போன்ற சங்கத்தவர் செய்யத்தக்க வேலையன்று அது.

நாம் செய்யத்தக்கது எது? அதற்குத்தான் மீண்டும் நம் வாய்க்காலுக்கு வருகிறோம்.

நாம் மூன்று ஞாயிறு அள்ளிய ஆகாயத்தாமரையைத் தமிழ்நாட்டார் வெங்காயத்தாமரை என்பர். சிங்கள மக்கள் ‘யப்பான் யபர’ என்பர். யுத்தத்தில் யப்பானிய விமானங்களை ஏமாற்ற வெள்ளைக்காரர் இதனை நீரிற் பரப்பினார்கள் என்றொரு கதை ஊரில் உண்டு. ஆனால் இதனை ஒழிக்க இலங்கையில் தனிச் சட்டமே 1909 இல் இயற்றப்பட்டிருக்கிறது. ஆகவே யப்பான் விமானம் வருவதற்கு முப்பது ஆண்டுகளுக்கு முன்பே அது இங்கே தொல்லையாகிவிட்டது. அழகிய ஊதாப் பூவுக்காகவே தென்னமெரிக்காவிலிருந்து வந்த செடி இது. மனிதர் விரும்பி வளர்த்த பூ, விரட்டியும் போகாத விருந்தாளியாயிற்று.

இதற்கும் ஒரு கூன்வண்டு உண்டு. 1988 இல் அது இலங்கையில் விடப்பட்டது. ஆனால் சல்வீனியாவுக்கு நேர்ந்தது ஆகாயத்தாமரைக்கு நேரவில்லை. ஏன்? சல்வீனியா வண்டு தன் செடியை மூழ்கடிக்கும். ஆகாயத்தாமரை வண்டோ தன் செடியை நலிவிக்குமேயன்றி விரைவிற் கொல்லாது. நலிந்த செடி எழும்பாதிருக்க வேண்டுமானால் நீரிற் கொழுப்பு இருக்கக் கூடாது. நம் வாய்க்கால் நீரிலோ கழிவுநீரும், சமையலறை நீரும், சவர்க்கார நீரும் கலக்கின்றன. அவற்றிலுள்ள நைதரசனும் பொசுபரசும் களைக்கு நாள்தோறும் படைக்கப்படும் பஞ்சாமிர்தம். வண்டு ஓர் இலையைத் தின்னும்போது செடி இரண்டு இலை விடுகிறது. இதுபோதாதென்று, நாம் இயந்திரங்கொண்டு ஒருங்கே வாரும்போது வண்டையும் சேர்த்தே வாரிவிடுகிறோம். துண்டிலிருந்து செடி விரைவில் வளரும். வண்டு மெல்லவே வளரும். ஆபிரிக்காவின் விக்டோரியா ஏரியிலும், 1995 முதல் விட்ட வண்டுகளால் 1990களின் இறுதியிற் பெரிதும் ஒடுங்கிய ஆகாயத்தாமரை, போசணை மிகுந்த நீரினாற் பின்னர் மறுபடியும் பெருகிற்று.

ஆதலின், சகோதரர்களே, வாய்க்காலில் நாம் கண்ட பச்சைப்பரப்பு நோயன்று, நோயின் குறி. செப்பிக் ஆற்றில் அறிவோடு உரம் போட்டுக் களையை ஒழித்தார்கள். நாம் அறியாமல் உரம் போட்டுக் களையை வளர்க்கிறோம். வீட்டுக் குழாயிலிருந்து எது எங்கே போகிறது என்று கேளாதவர் வாய்க்காலிற் களை பிடுங்கிப் பயனில்லை. இதனைச் சொல்லும்போது நாம் எவரையும் சுட்டவில்லை. வாய்க்காற்கரையிற் குடியிருக்கும் ஏழை மக்களையும் குறைகூறவில்லை. மாடிவீட்டு நீரும் அங்கேதான் போய்ச் சேருகிறது.

இன்னுமொன்று. களையை அகற்றியவுடன் வேலை முடிந்துவிட்டது என்று எண்ணுவது இரண்டாவது பிழை. வெறுமையான இடம் வெறுமையாக இராது. நாம் நடாவிட்டால் இன்னொரு களை நட்டுக்கொள்ளும். கொழும்புச் சதுப்புகளிலே, அன்னமுன்னா இனத்தைச் சேர்ந்த ஒரு வெளிநாட்டு மரம் புகுந்து, சிங்களத்தில் வெல் ஆத்த என்னும் பெயரோடு, இந்நாட்டுச் செடிகளை நெருக்கி நிற்கிறது. அதனை வெட்டி எறிந்தாற் போதாது. அந்த இடத்தில் நாணலும், தாழையும், மருதும், உவர்நீர் எட்டும் இடத்திற் கண்டல் இனங்களும் தலையெடுக்கும்வரை காக்கவேண்டும். நிலத்தை மீட்டல் என்பது இதுவே. திருக்குறளின் உழவு என்னும் அதிகாரம் உரமிடுதலோடும் களைகட்டுதலோடும் நின்றுவிடாமல், அவற்றின் பின் காவலையும் வற்புறுத்துகிறது. நாம் களைகட்டினோம், காவலை விட்டோம். அதுதான் நாம் செய்த பிழை.

சதுப்பு நிலத்தைக் காப்பதால் நகரத்தாருக்கு என்ன இலாபம் என்று கேட்கலாம். 2010 நவம்பரில் பெய்த மழையில் நம் நாட்டுப் பாராளுமன்ற மண்டபமே வெள்ளத்தில் நின்றதைப் பெரியோர் மறந்திரார். மழைநீரை வாங்கி வைத்து மெல்ல விடுவது இச்சதுப்புகளே. அவற்றை மண்போட்டு நிரப்பினோம். வாய்க்காலைக் களைக்கு விட்டோம். வெள்ளம் நம் படிக்கு வந்தது. 2018 இல் ராம்சார் உடன்படிக்கையின் கீழ் ஈரநில நகரம் என்னும் மதிப்பு கொழும்புக்கு வழங்கப்பட்டது. பட்டத்தைப் பெற்றுவிட்டோம். அதற்குத் தகுதியாக நடத்தல் நம் கடமை.

நம்மிற் பலருக்கு வடக்கிலும் கிழக்கிலும் பிறந்த மண் இருக்கிறது. யுத்தத்தாற் பல ஆண்டுகள் கைவிடப்பட்ட காணிகளுக்குத் திரும்பிச் சென்றவர்கள், வேலி எது வளவு எது என்று தெரியாத பற்றையையே கண்டார்கள். அங்கே பார்த்தீனியம் என்னும் வெண்பூச்செடி ஒன்று பரவியிருக்கிறது. 1980களின் பிற்பகுதியில் இந்தியப் படை இங்கிருந்த காலத்தில் அது வந்து சேர்ந்ததாகக் கருதுவர். அது தோலிற் சொறியையும் சிலருக்கு மூச்சிழுப்பையும் உண்டாக்கும். ஒரு செடி ஆயிரக்கணக்கான விதை சொரியும். விடுமுறைக்கு ஊருக்குச் செல்லும் இளைஞர்கள் அதனை அடையாளங்காணப் பழகவேண்டும். பூக்குமுன் கையுறை அணிந்து வேரோடு பிடுங்கவேண்டும். பிடுங்கிய நிலத்தைச் சும்மா விடாமல் பயிரோ மரமோ வைக்கவேண்டும். ஊரிலே காணியை மீட்பதென்பது உறுதிப்பத்திரத்தை மீட்பதோடு முடியாது, மண்ணையும் மீட்கவேண்டும்.

இனி, வரும் ஆண்டில் நம் சங்கம் செய்யவேண்டியவற்றை வேண்டுகோளாக முன்வைக்கிறோம்.

முதலாவது, ஆண்டுக்கொருமுறை மூன்று ஞாயிறு என்னும் ஏற்பாட்டை விட்டு, மாதத்துக்கு ஒரு காலை என்று வைத்துக்கொள்வோம். குறுகிய ஒரு பகுதியையே எடுப்போம். அதனையே ஆண்டு முழுவதும் காப்போம். வாய்க்காலைப் பராமரிக்கும் அதிகாரிகளைக் கேட்டு, அவர்களுடைய ஒழுங்கோடு சேர்ந்தே செய்வோம்.

இரண்டாவது, அள்ளியதைக் கரையிற் குவியோம். நீரெட்டாத இடத்துக்குக் கொண்டுசென்று மக்கவிடுவோம். அள்ளுமுன் இலைகளைப் பார்ப்போம். இலைமேல் வண்டு சுரண்டிய சிறு தழும்புகள் நிறைந்திருந்தால், அந்தத் திட்டைத் தொடுமுன் விவசாயத் திணைக்களத்தாரிடம் ஆலோசனை கேட்போம்.

மூன்றாவது, நம் வீடுகளில் மீன்தொட்டிக்கு வாங்கும் நீர்ச்செடி எதனையும் வாய்க்காலிலோ பேரை வாவியிலோ கொட்டோம். சல்வீனியாவின் கதை ஒரு தொட்டியிலிருந்துதான் தொடங்கியது. அவ்வாறே பூசைமலரையும் நிர்மாலியத்தையும் நீரில் எறியாமல், மரத்தின் அடியிற் புதைத்து எருவாக்குவோம். இறைவனுக்குச் சாத்திய மலர் களைக்கு உரமாவது பக்தியாகாது.

நான்காவது, ஒவ்வொரு வீட்டுக் கழிவுநீரும் எங்கே போகிறது என்று முதலில் நம் அங்கத்தவர் வீடுகளிலேயே பார்ப்போம். வாய்க்காலிற் கலப்பதானால் மாநகரசபையாரை அணுகித் திருத்துவோம். இது படம் எடுக்கத்தக்க வேலையன்று. ஆயினும் மற்றை மூன்றிலும் இதுவே பெரிது.

பெரியோர்களுக்கும் ஒரு விண்ணப்பம். ஆடிவேல் இரதம் செட்டியார் தெருவிலிருந்து பம்பலப்பிட்டி வந்த காட்சிகளையும், அக்காலத்து வாய்க்கால் நீரையும் கண்டவர்கள் நீங்கள். அந்நீரில் எந்த மீன் இருந்தது, கரையில் எந்த மரம் நின்றது என்பதை இளைஞர்க்குச் சொல்லுங்கள். எழுதிவைக்கச் சொல்லுங்கள். எதை மீட்கவேண்டும் என்பது தெரியாமல் ஒரு நிலத்தை மீட்க முடியாது. அந்த அறிவு புத்தகசாலையில் இல்லை, உங்களிடம் இருக்கிறது.

இளைஞர்களே, இரண்டு மில்லிமீற்றர் வண்டு ஒரு நாட்டின் குளங்களை மீட்டது. அதற்கு வலிமை உடம்பிலில்லை. தன் வேலை எதுவோ அதனை விடாமற் செய்தமையே அதன் வலிமை. அதற்குப் பின்னால் நின்ற மனிதரும் பிழைத்தார்கள், பிழையை ஒப்புக்கொண்டார்கள், மறுபடியும் தேடினார்கள். நாமும் சென்ற ஆண்டு பிழைத்தோம். இன்று இச்சபையில் அதனை ஒப்புக்கொள்கிறோம். அடுத்த ஆண்டு விழாவில், அந்தப் பெரியவரை அதே வாய்க்காற்கரைக்கு அழைத்துச் சென்று, நாம் காத்த சிறு பகுதியில் நீர் தெரிகிறதா என்று பார்க்கச் சொல்லுவோம். அவர் என்ன சொல்லுவார் என்பதைக் கேட்க நாம் அனைவரும் அங்கே நிற்போமாக.

 விநாயகப் பெருமான் திருவருள் முன்னிற்க.